மகள் கார்டு, அப்பா நம்பர்

என் அக்காள் தேவமணியின் வீட்டுக்காரர் நேசகுமார் அத்தான் இதுவரை விமானம் ஏறியதில்லை. பாஸ்போர்ட்டும் எடுத்ததில்லை. மகள் ஜெமிமா மஸ்கட்டுக்குப் புறப்பட்ட அன்று திருவனந்தபுரம் விமான நிலையம் வரைக்கும் போனார், கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கையாட்டினார், வரும் வழியில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தார். வெளிநாட்டோடு அவருக்குள்ள சம்பந்தம் அவ்வளவுதான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபையார் வாசலில் நின்று பேசும்போது, வளைகுடா நாட்டுக்குப் போனால் பணத்தை எப்படிக் கையாள வேண்டும் என்று எல்லோருக்கும் அவர்தான் சொல்லிக்கொடுப்பார். ரொக்கம் வைக்கக் கூடாது. மொத்தமாக எடுக்கக் கூடாது. யார் கேட்டாலும் கார்டைக் காட்டக் கூடாது. குவைத்தில் பல வருஷம் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பிய ஜெயசுந்தரும் அந்தக் கூட்டத்தில் வாயைத் திறக்காமல் நிற்பார். நேசகுமாரிடம் பேசி ஜெயிப்பதற்குள் வீட்டில் சோறு ஆறிவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

இந்தப் பிரசங்கத்துக்கெல்லாம் ஆதாரம் ஒரே ஒரு காரியம். ஜெமிமா மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்தபோது, சம்பளத்துக்காக வங்கிக் கணக்குத் தொடங்கப் போன இடத்தில் விண்ணப்பத்தை நிரப்பியவர் அத்தான். பெயர் மகளுடையது, கையெழுத்து மகளுடையது, போன் நம்பர் மட்டும் அவருடையது. பொம்பளைப் பிள்ளையின் நம்பர் கண்ட இடத்துக்கும் போகக் கூடாதாம். அவள் வருஷக் கணக்கில் இரவு டூட்டி பார்த்துச் சேர்த்த பணம் அந்தக் கணக்கில் கிடக்கிறது. அதைத் திறக்கிற வழி அத்தானின் சட்டைப் பைக்குள் கிடக்கிறது.

மதுரையில் இருந்தவரைக்கும் இதனால் பெரிய தொந்தரவு இல்லை. ஹாஸ்டல், சாப்பாடு, வாரம் ஒருமுறை ஏடிஎம். மஸ்கட் போன பிறகுதான் சிக்கல் வந்தது. அந்த வங்கியின் ஆப்பில் ‘வெளிநாட்டு உபயோகம்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத் தள்ளிவிட்டால்தான் கார்டு அந்த ஊரில் வேலை செய்யும். ஒருமுறை தள்ளி அப்படியே விட்டுவைக்கலாம், உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். அத்தான் விடவில்லை. ஆப் அவருடைய போனில்தான் திறக்கும். ஜெமிமா அங்கிருந்து செய்தி அனுப்ப வேண்டும், இவர் பொத்தானைத் தள்ள வேண்டும், அவள் பணத்தை எடுக்க வேண்டும், எடுத்த செய்தி இவர் போனுக்கு வந்ததும் மறுபடி பொத்தானை மூட வேண்டும். இதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்திருந்தார்.

அந்தச் செய்திகளைச் சர்ச் வாசலில் வாசித்தும் காட்டுவார். இன்ன கடையில் இத்தனை ரியால். உடனே மகளைக் கூப்பிட்டு, அது என்ன கடை, அங்கே என்ன வாங்கினாய் என்று கேட்பார். அவள் என்ன சாமான் வாங்கியிருப்பாள் என்று நான்கு ஆம்பளைகள் கேட்டுக்கொண்டு நிற்கிறார்களே என்ற கூச்சம் அவருக்கு இருந்ததில்லை.

ஒருமுறை அவள் கூடை நிறையச் சாமான் எடுத்துப் பணம் கட்டும் இடத்துக்கு வந்திருக்கிறாள். அத்தான் பொத்தானைத் தள்ளுவதாகச் சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். கார்டு செல்லவில்லை. பின்னால் ஆட்கள் நிற்க, அரிசி, முட்டை, எண்ணெய் என்று ஒவ்வொன்றாக எடுத்த இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, கையில் இருந்த சில்லறைக்கு ரொட்டி மட்டும் வாங்கிக்கொண்டு அறைக்கு நடந்தாளாம். அதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. வெளிநாட்டு ஏடிஎம்மில் எடுக்கும் ஒவ்வொரு தடவைக்கும் வங்கி தனியாகக் கட்டணம் பிடிக்கும். மாதத்துக்கு ஒருமுறை எடுத்தால் ஒரு கட்டணத்தோடு போகும். அத்தான் மொத்தமாக எடுக்க விடாததால் அவள் ஐந்தும் பத்துமாக எடுத்தாள், எடுக்கும்போதெல்லாம் கட்டணம் போயிற்று. அந்தக் கட்டணத்தைப் பார்த்துவிட்டு, காசின் அருமை தெரியவில்லை என்று அவளையே வைதார். அக்காளிடம் எடுத்துச் சொன்னேன். அவுக பாத்துக்கிடுவாக என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் இருக்கிற ஒரே பதில் அது.

ஜெமிமா வேலைக்குப் போயிருப்பதாகச் சபையில் சொல்லிக்கொண்டாலும், வேலை இன்னும் கைக்கு வந்திருக்கவில்லை. ஒரு கிளினிக்கில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள், அதுவும் அந்த நாட்டு லைசென்ஸ் பரீட்சையில் தேறிய பிறகு. விசா முடிவதற்குள் அவளுக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பரீட்சைத் தேதி. அதற்கான கட்டணத்தை இணையத்தில் ஒரு திங்கட்கிழமை மதியம் இரண்டு மணிக்குள் கட்டியாக வேண்டும், நம் ஊருக்கு மூன்றரை. தவறினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

ஞாயிறு இரவே அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். தொகையைக் கேட்டதும் அத்தான், நாளைக்கு விசாரித்துச் சொல்கிறேன் என்றாராம். மஸ்கட் நர்ஸ் பரீட்சையைப் பற்றி அவர் ஊரான ஏழாயிரம்பண்ணையில் யாரிடம் விசாரிப்பதாக இருந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை விடிந்ததும் குளித்துச் சாப்பிட்டுக் கம்பெனி வேனில் ஏறிவிட்டார். பட்டாசுக் கம்பெனியில் அவர் போர்மேன். தீப்பெட்டி, பீடி, போன் எதுவும் கேட்டுக்கு உள்ளே போகக் கூடாது. எல்லாப் போனையும் அணைத்துக் கேட்டில் உள்ள பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், வேலை முடிந்து வெளியே வரும்போதுதான் எடுக்க வேண்டும். ஆக, கடல் கடந்து போன ஜெமிமாவின் பணம், நம் ஊர்ப் பட்டாசுக் கம்பெனி வேலை நேரத்தில் பெட்டிக்குள் தூங்கும். இதைப் பற்றி அத்தான் ஒருநாளும் யோசித்ததாகத் தெரியவில்லை.

எனக்குக் காலாண்டு விடுமுறை. சிவகாசி வீட்டில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது ஜெமிமா கூப்பிட்டாள். பணம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என் கார்டு இந்தியாவைத் தாண்டாது.

“சித்தி, அப்பாவ வெளிய வரச் சொல்லி அந்தப் பொத்தான மட்டும் தள்ளச் சொல்றீகளா? அது போதும்” என்றாள். குரல் நிதானமாகத்தான் இருந்தது. அவள் பயப்படும்போது அப்படித்தான் பேசுவாள்.

வண்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். தீபாவளிச் சீசன். வழியெல்லாம் லோடு ஏற்றிய லாரிகள். நான் போய்ச் சேரும்போது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. வாட்ச்மேன் வேலுச்சாமி என் வண்டியை ரோட்டுக்கு அந்தப் பக்கமே நிறுத்தச் சொன்னார், என் போனையும் அங்கேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு உள்ளே ஆள் அனுப்பினார். போர்மேன் வேலையாக இருக்கிறார், சாயங்காலம் வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. மறுபடி அனுப்பினேன். வந்த பதிலும் மறுபடி அதுதான். மூன்றாவது தடவை, ஜெமிமா காரியம், இப்போது வராவிட்டால் நானே உள்ளே வருவேன் என்று சொல்லியனுப்பினேன். அதன் பிறகும் அவர் வெளியே வர முக்கால் மணி நேரம் ஆனது.

“என்ன கிருபா, கம்பெனி வாசலுக்கே வந்துட்ட. நாலு பேரு என்ன நெனைப்பாக?” என்றார் அத்தான். மகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். எல்லாம் தனக்குத் தெரியும் என்றார். இத்தனை மணிக்குள் கட்டு என்று அவசரப்படுத்தினாலே அது மோசடிதான், பேப்பரில் போட்டிருக்கிறான் என்றார்.

“மோசடி பண்றது ஒங்க மகளா அத்தான்?” என்றேன்.

வேலுச்சாமி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அத்தான் பெட்டியிலிருந்து தன் போனை எடுத்தார். கேட்டுக்குப் பக்கத்தில் அதை ஆன் பண்ணக் கூடாது என்பதால் இரண்டு பேரும் ரோட்டைக் கடந்து, வண்டியில் இருந்த என் போனையும் எடுத்துக்கொண்டு, பக்கத்துப் பாலம் வரைக்கும் நடந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. போன் உயிர் பெற்றதும் அவர் முதலில் திறந்தது வாட்ஸ்அப்பை. சபைக் குழுவில் யாரோ பிறந்தநாள் வாழ்த்துப் போட்டிருந்தார்கள். அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் வங்கி ஆப்புக்கு வந்தார்.

வந்தவர் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார், இடது கையால் திரையை மறைத்துக்கொண்டார். மகளுடைய கணக்கின் பாஸ்வேர்டை நான் பார்த்துவிடக் கூடாதாம். ஒருமுறை அடித்தார். தவறு என்று வந்தது. மூக்குக் கண்ணாடியை உள்ளே மேஜையில் வைத்துவிட்டு வந்திருந்தார். எழுத்து தெரியாவிட்டால் சொல்லுங்கள், நான் அடிக்கிறேன் என்றேன். கேட்காத மாதிரி இன்னொருமுறை அடித்தார். அதுவும் தவறு. அவசரப்படாதீர்கள், கண்ணாடியை எடுத்துவரச் சொல்வோம் என்றேன். “எனக்குத் தெரியாதா, நீ சும்மா இரி” என்று மூன்றாவது தடவையும் அடித்தார்.

கணக்கு பூட்டிக்கொண்டது. நாளை இதே நேரத்துக்குப் பிறகு முயற்சி செய்யவும் என்று வந்தது.

“நெட்வொர்க் சரியில்ல” என்றார் அத்தான்.

ஒரு நாட்டுக்கே பணப் பாதுகாப்புச் சொல்லிக்கொடுக்கிறவர் பாலத்தின் மேல் நின்று போனை உயர்த்திப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். மணி மூன்றைத் தாண்டியிருந்தது. ஜெமிமாவுக்குச் சொல்ல நான் போனை எடுத்தபோது அவளே கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

“அப்பா வந்துட்டாகளா சித்தி?”

“பக்கத்துலதான் நிக்காக. ஆப்பு பூட்டிக்கிருச்சு தாயி. நாளைக்குத்தான் தெறக்குமாம்.”

“பரவால்ல சித்தி. பணம் கட்டியாச்சு.”

அத்தான் என் கையிலிருந்து போனை வாங்கினார். “எந்தப் பணத்தக் கட்டுன? நான் இன்னும் தெறக்கவே இல்லயே.”

“சங்கிலிய வித்துட்டேன்ப்பா.”

கழுத்துச் சங்கிலி. ஒன்றரைப் பவுன். அங்கே போய் வெறுங்கழுத்தோடு நின்றால் நம்மை என்ன நினைப்பார்கள் என்று விமான நிலையத்தில் அவரே கொக்கியைச் சரிபார்த்து அனுப்பியது. ‘மகளுக்கு நான் போட்டது’ என்று சபையில் சொல்லிக்கொள்வார். வாங்கியது அவளுடைய சம்பளத்தில்தான்.

அத்தான் போனை வாய்க்குக் கிட்டத்தில் கொண்டுபோனார். “அது ஒன் கல்யாணத்துக்குள்ளதுல்லா. கடைக்காரன் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்படி வாங்குனான்?” என்றார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அதையேதான் கேட்டார்.

“பாஸ்போர்ட்டு கேட்டான்ப்பா. குடுத்தேன். போட்டோவப் பாத்தான், என்னையப் பாத்தான். நிறுத்துப் பாத்துப் பணத்த எண்ணி எங்கையில குடுத்துட்டான்.”

பக்கத்தில் ஒரு டைப்பிங் சென்டர் இருந்ததாம். ரொக்கத்தை வாங்கிக்கொண்டு, அவர்களே இணையத்தில் கட்டிக் கொடுத்து, ரசீதையும் அச்சடித்துக் கொடுத்தார்களாம். வியாழக்கிழமை பரீட்சை. சித்தி வந்து சேரும்வரை பார்க்கலாம் என்றுதான் முதலில் இருந்தாளாம். பிறகு, அறையில் காத்துக்கொண்டு நிற்பதற்கு நகைக்கடைத் தெருவிலேயே நிற்கலாம் என்று நடந்திருக்கிறாள்.

அத்தான் பரீட்சையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கிராம் என்ன விலைக்குப் போட்டான் என்று கேட்டார். அவள் சொன்னாள். வாயில் முணுமுணுத்துக் கணக்குப் போட்டார். சரியான விலைதான் போலிருக்கிறது, முகத்தில் குறை சொல்ல ஒன்றும் கிடைக்காத எரிச்சல் தெரிந்தது.

“மிச்சம் எம்புட்டு இருக்கு?”

“இருக்குப்பா.”

“எம்புட்டுன்னு கேக்கேன்.”

“செலவுக்குப் போதும்ப்பா. படிக்கணும், வைக்கேன்.” வைத்துவிட்டாள்.

உள்ளேயிருந்து ஒரு ஆள் கேட்டுக்கு வந்து போர்மேனைத் தேடிக்கொண்டு நின்றான். அத்தான் போகவில்லை. என் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, அதுவரை என்னிடம் காட்டாத ஒரு பணிவோடு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“கிருபா, ஒங்கிட்டன்னா சொல்லுவா. ராத்திரிக்கி நைசாப் பேசி, மிச்சம் எம்புட்டுன்னு கேட்டுச் சொல்லு.”

“நான் கேக்க மாட்டேன் அத்தான்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

கொஞ்ச தூரம் போய்க் கண்ணாடியில் பார்த்தேன். அவர் கம்பெனிக்குள் போயிருக்கவில்லை. அந்த வெயிலில் பாலத்தின் மேலேயே நின்று, போனை முகத்துக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மஸ்கட் நகைக்கடையிலிருந்து தனக்கு மெசேஜ் வரும் என்று நினைத்தாரோ என்னவோ.