சொந்தக் காரணங்களால்

வேலை உறுதி என்று மெயில் வந்து எழுபது மணி நேரம் ஆகிவிட்டது. இன்னும் இரண்டு மணி நேரத்துக்குள் பதில் போயாக வேண்டும். ஆய்வுக்கூடத்தின் மூலை மேசையில் உட்கார்ந்து சிகுசா மூன்றாவது முறையாகப் பதிலை எழுதிக்கொண்டிருந்தாள்.

சோயா சாஸ் தயாரிக்கும் பழைய கம்பெனி அது. அவளை எடுத்திருந்தது மணங்களை ஆராயும் பிரிவுக்கு. அவள் இரண்டு வருடமாக ஆசைப்பட்ட வேலை. பேராசிரியர் உகாஜியின் பரிந்துரையில் போனவள் வேறு. பரிந்துரையில் போனவர்கள் மறுப்பதில்லை. மறுத்தால் அடுத்த வருடம் இந்த ஆய்வுக்கூடத்துப் பிள்ளைகளை அந்தக் கம்பெனி ஏறெடுத்தும் பார்க்காது. அடுத்த வருடம் போகக் காத்திருந்தவள் பக்கத்து மேசை மினோரி.

மறுப்பு மெயிலுக்கு இணையத்தில் மாதிரிகள் ஏராளம். மழைக்காலத்து நலம் விசாரிப்பு, நன்றி, மன்னிப்பு. நடுவில் ‘சொந்தக் காரணங்களால்’ என்று இரண்டே வார்த்தை. படிக்கிறவர்கள் எல்லோரும் அதை ஒரே மாதிரிதான் எடுத்துக்கொள்வார்கள், வேறு நல்ல இடம் கிடைத்துவிட்டது என்று. சிகுசாவுக்கும் அது தெரியும்.

உண்மையை எழுதிப் பார்த்தாள். அழித்தாள். அது வெளியே தெரிந்தால் இந்த அறைக்குள்ளேயே அவளை விடமாட்டார்கள். அலமாரி நிறைய ஆவியாகும் திரவங்கள், கசிந்தால் ஆபத்து, விதிகள் கண்டிப்பானவை. ஆய்வேடோ பாதியில் நிற்கிறது. நான்கு மாதமாக மறைத்து மறைத்து உடம்பே ஓய்ந்துபோயிருந்தது. அந்த இரண்டு வார்த்தையோடு அனுப்பிவிட்டாள்.

மெயில் போனால் போன் வரும். போனை அணைத்து வைத்தாள். மதியத்துக்குமேல் கம்பெனியின் அழைப்பு பேராசிரியருக்குப் போனது.

உகாஜி அவள் மேசைக்கே வந்தார். சத்தம் போடும் வழக்கம் அவருக்கு இல்லை. கம்பெனியில் கேட்டதை அப்படியே ஒப்பித்தார். எந்த இடத்துக்குப் போகிறாள், அங்கே எவ்வளவு அதிகம் தருகிறார்கள், நேரில் வந்து சொல்லக்கூட மனசில்லையா. சிகுசா எழுந்து தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டாள். தான் கேட்டது மன்னிப்பு இல்லை என்றார் அவர்.

மினோரி கையிலிருந்த குடுவையைக் கீழே வைத்தாள்.

“சொல்லிடுங்கக்கா. எந்தப் பெரிய எடம்னு தெரிஞ்சா நானும் அங்கயே எழுதிப் போட்டுக்கறேன். இந்த எடம்தான் எனக்கு இனிமே இல்லையே.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். திட்டியிருந்தால் சிகுசா தாங்கியிருப்பாள்.

“வேற எடம் எதுவும் இல்ல சார்.”

“அப்புறம் எதுக்கு வேண்டாங்கற?”

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

“இதச் சொன்னா நாளைலேர்ந்து நீங்க என்ன இங்க வேலை செய்ய விடமாட்டீங்க. பரவால்ல. மினோரிக்காகவாவது கம்பெனில சொல்லிடுங்க. பிப்ரவரில காய்ச்சல் வந்துச்சே, அதுலேர்ந்து எனக்கு எந்த வாசனையும் தெரியறதில்ல சார்.”