யாரும் அழுத்தாத பொத்தான்

விடியற்காலை ஐந்து மணி. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேலே, இரண்டாவது மாடியில், ஆறு பேர் வேலையில் இறங்கியிருந்தார்கள்.

மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு சர்வர்கள். எல்லாம் வெளியூரில் இருப்பவை. நாமக்கல் கோழித்தீவன மில்கள், சங்ககிரி லாரி புக்கிங் ஆபீஸ்கள், திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் கம்பெனிகள், பரமத்தி வேலூர் வாழை மண்டிகள். எட்டு மணிக்கு அங்கே ஷட்டர் தூக்குவதற்குள், இங்கிருந்தபடியே ஒவ்வொன்றுக்குள்ளும் புகுந்து வெளியே வந்தாக வேண்டும். டிஸ்கில் இடம் இருக்கிறதா, பேக்கப் ஏறியதா, இடமில்லையென்றால் எதைத் தூக்கி எறிவது? பார், குறித்துக்கொள், அடுத்தது. நூறாவது மெஷினைத் தாண்டும்போது கண்ணுக்குள் மணல் விழுந்த மாதிரி இருக்கும். மெஷின்களுக்காக ஓடும் ஏ.சி., மனிதர்களின் விரல் மூட்டுகளைக் கவ்வும். வாழப்பாடியிலிருந்து மூன்றேமுக்கால் பஸ் பிடித்து வரும் சௌந்திரம், ஒரு கையால் தட்டியபடி இன்னொரு கையால் பிடரியைப் பிசைந்துகொண்டே இருப்பாள்.

அந்தப் பிடரியைப் பார்த்துத்தான், ஆறு பேரில் ஒருத்தியான இசபெல்லா ஸ்கிரிப்ட் எழுத ஆரம்பித்தாள்.

அரிசிபாளையத்து வீட்டில், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்த மத்தியானங்களில், பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் முந்நூறு வரிக் கட்டளைகள். அது தானே ஒவ்வொரு மெஷினாகப் போய்ப் பார்த்துவிட்டு வரும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் நிற்கும். எதையாவது அழிப்பதற்கு முன்னால் பட்டியலைக் காட்டி, "அழிக்கவா, வேண்டாமா?" என்று கேட்கும். ஓர் ஆள் பார்த்து, பொத்தானை அழுத்தினால்தான் நகரும். வேண்டுமென்றேதான் அப்படி எழுதினாள். நாமக்கல் பக்கத்து மெஷின்கள் முழுக்க தோமினிக் கையில். பதினான்கு வருஷ அனுபவம். சில மெஷின்களுக்குச் சட்டென்று 'வேண்டாம்' அழுத்துவார். ஏன் என்று அவள் கேட்டதில்லை.

மூன்று மணி நேர வேலை ஒரு மணி நேரமாயிற்று. மீதி நேரத்தில் டீ குடித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்த குற்றம்.

ஒரு வியாழக்கிழமை, ஆறரை மணிக்கு முதலாளி குணசீலன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். சௌந்திரம் மேஜையில் தலை சாய்த்திருந்தாள்.

"ஏனுங்க, இது ஆபீஸா, சத்திரமா?"

தோமினிக் எழுந்தார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. நம்ம இசபெல்லா ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறது, வேலை அப்போதே முடிந்துவிட்டது என்று ஆதியோடு அந்தமாக ஒப்பித்துவிட்டார். குணசீலன் தலையாட்டியபடி கேட்டார். ஒரு தடவை சிரிக்கக்கூடச் செய்தார். 

பத்து நிமிஷத்தில் இசபெல்லாவை அறைக்குக் கூப்பிட்டார்.

"இது நடுவுல நின்னு என்னமோ கேக்குதே, எதுக்குங்க அம்மணி?"

"அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு ஆள் பாக்கணும் சார். ஒவ்வொரு எடத்துலயும் ஒவ்வொரு மாதிரி வச்சிருப்பாங்க."

"அந்த ஆளுக்குத்தானுங்க நான் சம்பளம் குடுக்கறேன். கேள்வியை எடுத்துப்போடுங்க. திங்கக்கெழமை அஞ்சு மணிக்கு அது தனியா ஓடோணும். எல்லாரும் எட்டு மணிக்கு வந்தாப் போதும்."

பிறகு சாவகாசமாகச் சொன்னார். மாசக் கடைசியோடு தோமினிக்கும் சௌந்திரமும் இன்னும் ஒருத்தரும் போகலாம். மிச்சப் பேருக்கு இசபெல்லாதான் தலைவி.

எல்லா மெஷினையும் தோமினிக்கோடு உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும், ஒரு வாரமாவது வேண்டும் என்று அவள் மன்றாடினாள். போகப்போகிற ஆளிடம் என்ன பாடம் கேட்பது என்றார். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஓடுவது ஆபீஸ் சொத்து. அவள் எடுக்காவிட்டால் பெங்களூரில் எடுக்க ஆள் இருக்கிறது என்றார்.

எடுத்தாள். ஒரே ஒரு வரி. விரல் ஒரு நொடி அழுந்தியது, அவ்வளவுதான். எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

வெளியே வந்தபோது ஐந்து பேருக்கும் செய்தி தெரிந்திருந்தது. தோமினிக் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வெள்ளியும் சனியும் ஒரு வார்த்தை பேசவில்லை. எந்த மெஷினுக்கு, ஏன் 'வேண்டாம்' என்று கேட்க வேண்டியதை அவளும் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது?

திங்கள். காலை ஏழு பத்து. அவள் வீட்டிலிருந்து கிளம்பும்போது போன் அடித்தது. நாமக்கல் தீவன மில்லின் எடைமேடை கிளார்க் கண்ணாத்தாள். லாரிகளுக்காக அங்கே எடைமேடையை மட்டும் ஆறரைக்கே திறந்துவிடுவார்கள்.

"அம்மணி, எட்டு மாசத்து எடைச் சீட்டு மொத்தத்தையும் காணோம். வாசல்ல பன்னெண்டு லாரி நிக்குது. மேனேஜரு என்னையத்தான் அழிச்சேன்னு சொல்றாரு. இன்னைக்கே ஊட்டுக்குப் போயிருன்னு சொல்லீட்டாரு."

"எந்த ஃபோல்டர்லக்கா வச்சிருந்தீங்க?"

"பழசுன்னு பேரு போட்டதுலதான். முன்ன இருந்த மேனேஜரு புதுசா எதைக் கண்டாலும் கேக்காம அழிச்சிருவாரு. பழசுன்னு எழுதி வச்சா ஒருத்தரும் தொடமாட்டாங்க. அன்னையிலிருந்து அதுலதாங்க. தோமினிக் அண்ணனுக்குத் தெரியுமே."

தோமினிக் அண்ணனுக்குத் தெரியும். அவர் விரலுக்குத் தெரியும். ஸ்கிரிப்டுக்குத் தெரியாது. டிஸ்க் நிறைந்தால் 'பழசு' என்று பெயர் போட்டதைத் துடைத்துப் போடு என்றுதான் அவள் எழுதியிருந்தாள். பழசுக்கெல்லாம் பேக்கப் எதற்கு என்று அதை நிறுத்திவைத்தது குணசீலனின் சிக்கனம்.

"அக்கா, அந்தக் கம்ப்யூட்டரை இப்பவே ஆஃப் பண்ணுங்க. யாரும் தொடக் கூடாது. மேல புதுசா எதுவும் எழுதாம இருந்தா, அழிஞ்சதுல பெரும்பாலும் எடுத்திரலாம். அதுவரைக்கும் கையில எழுதி லாரியை விடுங்க."

எட்டு மணிக்கு ஆபீஸில் நுழைந்தபோது குணசீலன் அவளுக்காகவே காத்திருந்தார். மில்லிலிருந்து அவருக்கும் போன் வந்திருந்தது. எதிரே அவருடைய அக்கா மகள் சத்யபிரியா, ஆபீஸ் நிர்வாகம் பார்ப்பவள், டைப் செய்த ஒரு காகிதத்தோடு நின்றாள். இன்று காலை தோமினிக் கவனக்குறைவாகக் கோப்புகளை அழித்துவிட்டார் என்று அதில் இருந்தது. கீழே இசபெல்லாவின் கையெழுத்துக்கு இடம்.

"தோமினிக் அண்ணா அஞ்சு மணிக்கு ஆபீஸ்லயே இல்ல சார். யாருமே இல்ல. ஸ்கிரிப்ட் ஓடின பதிவுலயே இருக்கு. பொத்தானை யாரும் அழுத்தல."

"பதிவு இருந்தாத்தானுங்களே. எப்படியும் போகப்போற ஆளு. அவரு பேருல போகட்டுமே. இல்லீன்னா உங்க பேருல போகோணும். எழுதினது நீங்கதானுங்களே?"

அவர் சத்யபிரியா பக்கம் திரும்பி, பதிவை அழித்துவிடு என்று சாதாரணமாகச் சொன்னார். டீக்குச் சொல்கிற மாதிரி.

இசபெல்லா காகிதத்தை எடுத்துக்கொண்டு நேராக ஹாலுக்கு வந்தாள். ஐந்து பேர் முன்னால் மேஜையில் போட்டாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். கேள்வியை எடுத்தது தன் கை என்பதையும் சொன்னாள்.

தோமினிக் காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"பதினாலு வருஷம். ஒரு ஃபைல் தப்பா அழிச்சதில்ல. எம்பேருல பழியைப் போட ஒனக்கு மனசு வந்திருக்கும்னு ஒரு நிமிஷம் நெனச்சேன் பாரு, அதுதாம்மா எனக்கு வலிக்குது. அந்தக் கேள்வியை எடுத்தியே, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேக்கல அண்ணா. பயந்துட்டேன்."

சௌந்திரம்தான் எழுந்தாள்.

"அக்கா எழுதினது நம்ம கழுத்து வலிக்கு. அத நம்ம கழுத்துக்கே கத்தியாக்கினது யாரு? அதப் பேசுவோம். ஸ்கிரிப்ட் ஓடட்டும், எனக்கு ஒண்ணும் கையால தட்டணும்னு வேண்டுதல் இல்ல. ஆனா ஆள் பாக்காம ஒண்ணும் அழியக் கூடாது. ஒருத்தரும் வெளிய போகக் கூடாது. அங்க அந்தக் கண்ணாத்தாக்காவும்தான்."

அந்தக் காகிதத்தைத் திருப்பி, வெறுமையாக இருந்த பக்கத்தில் எழுதினார்கள். நடந்தது என்ன, மெஷின் தனியாக ஓடியது யார் உத்தரவு, இனி என்ன வேண்டும். சண்டை போட்டுக்கொண்டே எழுதினார்கள். 'கேட்டுக்கொள்கிறோம்' என்று சௌந்திரம் எழுதியதை அடித்துவிட்டு 'வேண்டும்' என்று போட்டார் தோமினிக். ஆறு கையெழுத்து.

குணசீலன் படித்தார். முகம் கறுத்தது.

"யூனியனுங்களா? ஆறு பேருக்கு யூனியனா? தலைமுறை தலைமுறையா நிலத்துல பாடுபட்டுச் சம்பாரிச்சதைப் போட்டு ஆரம்பிச்ச கம்பெனிங்க இது."

"உங்க நிலத்துல பாடுபட்டவங்களும் எங்கள மாதிரி கூலி ஆளுங்கதானே சார்," என்றார் தோமினிக். "நாங்க ஆறு பேரும் இப்ப நாமக்கல் போறோம். அந்த டிஸ்க்கைக் கழட்டி எடுக்க முடியுறதை எடுப்போம். என்ன நடந்துச்சுன்னு அவங்க மேனேஜர்கிட்டயும் சொல்லுவோம்."

"போங்க. படியெறங்கினா திரும்பி ஏற முடியாது. நாளைக்கே பெங்களூர்ல இருந்து ஆளு வரும்."

இறங்கினார்கள். படிக்கட்டில் யாரும் வீரம் பேசவில்லை. வேலை போய்விட்டதா இருக்கிறதா என்று ஆறு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தத் தவணை, இந்தப் பள்ளிக்கூடம், அம்மாவின் மாத்திரை என்று ஒவ்வொருவர் தலைக்குள்ளும் ஒரு ஸ்கிரிப்ட் தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

புது பஸ் ஸ்டாண்டில் நாமக்கல் பஸ் புறப்படத் தயாராக உறுமியது. ஏறி உட்கார்ந்த பிறகுதான், ஓட்டமும் நடையுமாக வருகிற சத்யபிரியாவை இசபெல்லா ஜன்னல் வழியே பார்த்தாள். மூச்சு வாங்கியது. மார்போடு அணைத்த ஒரு கவர். அதற்குள், ஸ்கிரிப்ட் ஓடின பதிவின் பதினோரு பக்கங்கள், அச்சிட்டவை. ஒவ்வொரு பக்கத்திலும் ஆபீஸ் முத்திரை.

"மாமா அழிக்கச் சொன்னாருங்க. எனக்கு மனசு வல்லீங்க."

"குடுத்துட்டுப் போயிரு கண்ணு. உங்க ஊட்டுல என்ன சொல்லுவாங்க?" என்றார் தோமினிக்.

அவள் கவரை அவரிடம் நீட்டிவிட்டு பஸ்ஸில் ஏறினாள். சௌந்திரத்தின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். சௌந்திரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பஸ் கொண்டலாம்பட்டியைத் தாண்டும்போது கண்ணாத்தாள் கூப்பிட்டாள். கம்ப்யூட்டரைத் திரும்பப் போடச் சொல்லி மேனேஜர் குதிக்கிறாராம். மூட்டை தூக்குகிற ஆட்கள் எட்டுப் பேர் எடைமேடை அறை வாசலில் குறுக்கே உட்கார்ந்துவிட்டார்களாம். கண்ணாத்தாளை அனுப்புவதாக இருந்தால் எங்களைத் தாண்டித்தான் அனுப்ப வேண்டும் என்கிறார்களாம்.

"மத்தியானம் வரைக்கும் தாங்குவாங்க அம்மணி. அதுக்கு மேல தெரியலீங்க. எத்தன பேரு வாரீங்க?"

இசபெல்லா திரும்பி பஸ்ஸுக்குள் பார்த்தாள். தோமினிக் முத்திரை வைத்த பக்கங்களை மடியில் போட்டு, விரல் வைத்து வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏழு பேரு அக்கா," என்றாள்.