ஆறு பேர் வேண்டும்

2019 செப்டம்பர் 3, செவ்வாய்க்கிழமை. ஒஹாயோ மாநிலம் லார்க்ஃபீல்டில் உள்ள பல்கலைக்கழகத்தில் குருக் மொழி முதலாமாண்டு வகுப்புக்குப் பதிவு செய்திருந்தவர்கள் நான்கு பேர். வகுப்பு நடக்க ஆறு பேர் வேண்டும். கெடு வெள்ளி மாலை ஐந்து மணி.

கரோல் நைக்விஸ்டுக்கு அறுபத்திரண்டு வயது. ஜார்க்கண்டில் ஒராவோன் மக்களோடு ஏழு வருடம் இருந்து, அவர்கள் பேசும் குருக் மொழிக்கு அகராதி போட்டவர். நிரந்தர வேலை கிடையாது. வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தே முப்பத்தொரு வருடம் ஓட்டியிருந்தார். வகுப்பு நின்றால் அதுவும் நிற்கும்.

அன்று மதியம் டீன் ஓல்சன் கூப்பிட்டனுப்பினார்.

"'இந்தியப் பண்பாடு ஓர் அறிமுகம்'னு ஒண்ணு எடுங்களேன் கரோல். இங்கிலீஷ்லயே. எண்பது பேர் வருவாங்க. நாலு சினிமா போடுங்க, கடைசி நாள் சமோசா குடுங்க."

"சமோசாவுக்கு கேன்டீன்ல ஆள் கேளுங்க. நான் மொழி சொல்லிக்குடுக்க வந்தவ."

"நாலு பேருக்கா?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்குல்ல?"

துறை அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் லொரெய்ன் விஷயத்தைக் கேட்டதும் விதிப் புத்தகத்தை எடுத்து மேசையில் போட்டாள்.

"பக்கம் நாற்பது. ஊழியர்களும் ரிட்டயர் ஆனவங்களும் பருவத்துக்கு ஒரு வகுப்புல ஃபீஸ் இல்லாம சேரலாம். அவங்களும் மாணவர் கணக்குதான். இருபது வருஷமா நான் இதத் தொடவே இல்ல. என் பேர எழுதிக்கோ."

"வீட்டுப்பாடம் உண்டு, லொரெய்ன்."

"உங்க எல்லார் கையெழுத்தையும் படிச்சவ நான். இதுக்கு மேலயா?"

ஆறாவது ஆளாகச் சிக்கக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். ஹெரால்ட் வென்னர், எழுபத்தெட்டு வயது, ஓய்வு பெற்ற சமஸ்கிருதப் பேராசிரியர். கரோலை வேலைக்கு எடுக்கும் கூட்டத்தில், "இந்த மொழியில படிக்க என்னம்மா இருக்கு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டவர். எதிர்த்து ஓட்டுப் போட்டவரும் அவர்தான்.

மூன்றாம் மாடியில் அவர் அறைக் கதவு திறந்தே இருந்தது. கரோல் உட்காரவில்லை.

"கெஞ்ச வரல ஹெரால்ட். இது படிவம். கையெழுத்துப் போட்டா வாரம் நாலு நாள், காலை ஒன்பது மணி. லேட்டா வந்தா உள்ள விடமாட்டேன்."

வென்னர் படிவத்தை வாங்கிப் பார்த்தார். ஓய்வுக்குப் பிறகும் அவர் எடுத்துவந்த சமஸ்கிருத வகுப்பு போன வருடம் இதே ஆறு பேர் விதியால்தான் மூடப்பட்டது. ஒரே ஓர் ஆள் குறைந்தது.

"அப்போ ஆள் கேட்டு யார்கிட்டயும் போய் நிக்க எனக்கு மனசு வரல," என்றார். "பெரிய கௌரவம்னு நினைச்சேன். டீன் ஆபீஸ்காரனுங்களுக்கு அது வசதியாப் போச்சு."

"ஏன், என்னைக் கேட்டிருக்கலாமே?"

"உன்னைக் கேக்கறதுக்கு மூஞ்சி ஏதும்மா எனக்கு?" பேனாவைத் தேடினார். "பாஸாவது போடுவியா?"

"படிச்சா போடுவேன்."

வெள்ளி மாலை நாலேமுக்காலுக்குக் கரோல் இரண்டு படிவங்களையும் டீன் மேசையில் வைத்தார். ஓல்சன் புரட்டிப் பார்த்தார்.

"வென்னரா? விளையாடறீங்களா?"

"பக்கம் நாற்பது."

"இது விதிக்குள்ள வரலாம் கரோல். ஆனா முறையில்ல."

"முப்பத்தொரு வருஷம் வருஷாவருஷம் என்னைக் கையெழுத்துக்கு நிக்க வெச்சீங்களே, அதுவும் விதிக்குள்ளதான் வந்துது. முத்திரையக் குத்துங்க. அஞ்சு மணியாயிடும்."

குத்தினார்.

வகுப்பு நடந்தது. டிசம்பர் தேர்வில் லொரெய்ன் ஏ வாங்கினாள். வென்னருக்கு சி. மதிப்பெண் குறைவு என்று அவர் டீன் அலுவலகத்துக்கு இரண்டு பக்க முறையீடு எழுதினார். கரோல் திருத்த மறுத்துவிட்டார். ஜனவரியில் இரண்டாம் பருவ வகுப்புக்கு முதலில் பதிவு செய்தவர் வென்னர்.