தெக்க சொன்ன பல்லி

குமுளி மலை ஏறும்போதெல்லாம் ஒச்சாண்டியின் வாடகைக் கார் பாதியில் நின்றுவிடும். எஞ்சினோடு ஒட்டியிருந்த பெட்ரோல் பம்பு சூடேறி, உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிடும். ஈரச்சாக்கைச் சுற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில் கொழுந்தியாள் வீட்டுக் காதுகுத்துக்கு அப்படிக் காத்திருந்து போய்ச் சேர்ந்தபோது பந்தியில் இலை எடுத்தாகிவிட்டது. "அக்கா கார்ல வந்தாக, நடந்து வந்தவுக முந்திட்டாக," என்றாள் கொழுந்தியாள் சுருளியம்மாள். ஒச்சாண்டியின் பெண்டாட்டி இருளம்மாளுக்கு அது இன்னும் செரிக்கவில்லை.

மறு வருசம் சுருளியம்மாளுக்கு மாசம் நிறைந்துவிட்டது. மலைமேல் எஸ்டேட் கூலிக்காரர் குடியிருக்கும் லயத்தில் அவளுக்குத் துணைக்கு ஆளில்லை. இருளம்மாள் போயாக வேண்டும்.

தேனி மெக்கானிக் ஞானதுரை கரண்டு பம்பு போடச் சொன்னார். பின்னால் டாங்கிப் பக்கம் இருக்கும், சூடு அண்டாது. ஆனால் பேட்டரி செத்தால் பம்பும் செத்தது. பழையது மலையில்தான் நிற்கும், இது எங்கே வேண்டுமானாலும் நிற்குமே என்று ஒச்சாண்டி முனகினான். பெண்டாட்டி முகத்தை நினைத்துப் போடச் சொல்லிவிட்டான்.

வலி கண்டுவிட்டதாக ஆள் வந்து சொன்ன காலையில் சாவியைத் திருப்பினான். டிக் டிக் டிக். ஏறக் காலைத் தூக்கிய இருளம்மாள் கீழே வைத்தாள்.

"தெக்க பல்லி சொல்லுது. நான் வரல."

பல்லி இல்லை, பம்பு என்று பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், வலப்புறம் காட்டினான். எதுவானால் என்ன, சொன்னது தெற்கே என்றாள். கிழக்கே சொன்னால்தான் அவள் கணக்கில் சுபம். வைய வாயெடுத்தவன், காரை வடக்குப் பார்க்கத் திருப்பி நிறுத்தினான். வலப்புறம் இப்போது கிழக்கு. சாவியை மறுபடி திருப்பினான். அவள் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தாள். இந்தக் கூத்தில் டாங்கியில் பெட்ரோல் ஊற்ற மறந்துபோனது.

ஈரச்சாக்குக்கு வேலை வரவில்லை. பாதி மலையில் பின்சீட்டிலிருந்து அவன் தோளைத் தட்டினாள்.

"பல்லி மூச்சுவிடாமக் கத்துது. என்னான்னு பாருங்க."

எஞ்சின் இரைச்சலில் அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இறங்கிக் குனிந்தான். இழுக்கப் பெட்ரோல் இல்லாமல் பம்பு வெறுமனே அடித்துக்கொண்டிருந்தது. அவசரத்துக்கு டின்னில் வைத்திருந்த பெட்ரோலை டாங்கியில் ஊற்றினான். சத்தம் நிதானமானது. அவன் அவளைப் பார்த்தான். அவள் வெளியே ஏலத்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. வலிக்கு நடுவிலும் சுருளியம்மாள் விடவில்லை. "என்னக்கா, இந்தத் தடவ நடந்தே வந்துட்டீகளா?"

இருளம்மாள் தங்கையின் இடுப்பைத் தாங்கிப் பிடித்தாள்.

"கார்லதான். இப்ப பல்லி ஒண்ணு வச்சிருக்கோம்."