வலை எத்தனை முறை துவைக்கப்பட்டது

எங்கள் ஊரில் கொசுவுக்கு அடுத்தபடியாக ரத்தம் குடிக்கிறவள் நான்தான் என்பார்கள். பதினாலு வருடமாக வீடு வீடாகப் போய், காய்ச்சல்காரர் விரலில் ஊசி குத்தி, ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவிக்கொண்டு வருவது என் வேலை. என்னைக் கண்டால் குழந்தைகள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்ளும். பளிச்சுவின் மூத்த மகள் மட்டும் விரலை நீட்டிக்கொண்டு ஓடி வருவாள். "எனக்குக் குத்து பெரியம்மா, எனக்குக் குத்து" என்று காய்ச்சலே இல்லாமல் நச்சரிப்பாள். ஆறு வயது. சரியான வாலு, அப்படித்தான் அவளைக் கூப்பிடுவேன்.

பளிச்சு என்பது அவள் அம்மாவுக்கு ஊர் வைத்த பெயர். சுகாதார நிலையத்தின் சலவைக் கூடத்தில் வேலை. பிரசவ அறை விரிப்பு, கட்டுத் துணி, டாக்டரின் கோட்டு எதுவாக இருந்தாலும் அண்டாவில் கொதிக்க வைத்து, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊறப்போட்டு, கல்லில் நாலு அடி அடித்து, மொட்டை வெயிலில் காயப்போட்டு எடுத்தாளானால் புதுத்துணி தோற்றது. அந்தக் கை வீட்டிலும் சும்மா இருக்காது. அவள் வீட்டுக் கரித்துணியில் சோறு வடிக்கலாம்.

போன வருடம் எண்பத்து மூன்று வீட்டுக்கும் மருந்து தோய்த்த கொசுவலை வந்தது. பையோடு கொடுத்தால் பிரிக்காமலே சந்தையில் விற்றுவிடுவார்களாம். ஆகவே பையைக் கிழித்து வலையை மட்டும் கையில் கொடுக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கிழித்தேன். பைகளைக் குவித்துக் கொளுத்தினேன். அந்தப் பையின் மேல்தான், பொடி எழுத்தில், வலையை எப்படித் துவைக்க வேண்டும் என்று அச்சடித்திருந்தது. நான் படிக்கவில்லை. கண்ணாடி போட்டுக்கொள்ளச் சோம்பல்.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பாதி வீட்டில் வலை அழுக்கேறிக் கிடந்தது. ஒருத்தர் அதில் கோழி அடைத்திருந்தார். எனக்கு வந்த கோபத்தில் ஊர்க்கூட்டத்தில் பளிச்சுவின் வலையைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினேன். "பாருங்க, இதுவும் நான் குடுத்த வலைதான். வாராவாரம் துவைக்கிறா. உங்களுக்கெல்லாம் கை என்ன வெந்தா போச்சு?" என்று வாய் கிழியப் பேசினேன். பளிச்சு வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெருவில் கொடிக்குக் கொடி வலை காய்ந்தது. சாதித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

வாலுவுக்குக் காய்ச்சல் வந்தது மழை விட்ட பத்தாம் நாள். பளிச்சு தூக்கிக்கொண்டு வந்தாள். என்னிடம் ஊசி இருந்தது, தகடு இருந்தது, குழந்தையும் வழக்கம்போல விரலை நீட்டியது. "போடி, உன் வீட்லயா மலேரியா வரும்? மழையில ஆடியிருப்பா, சளிக் காய்ச்சல்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பினேன். மறுநாள் காய்ச்சல் விட்டது. அதற்கு மறுநாள் குழந்தை நடுங்கிக்கொண்டு திரும்பி வந்தது. அப்போதும் சளிதான் என்றேன். நான்காம் நாள் காலையில் வலிப்பு வந்த பிறகுதான் ரத்தம் எடுத்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேரப் பயணம். அங்கே போய்ச் சேர்ந்தது பளிச்சுவும் நானும்தான். குழந்தை வழியிலேயே போய்விட்டது.

இருபது நாள் கழித்து, மலேரியாவில் சாவு நடந்த ஊர் என்பதால் எங்களுக்கு ஒரு கணக்கெடுப்பு வந்தது. இளம் அதிகாரி ஒருவர் படிவத்தைக் கொடுத்து விளக்கினார். வீட்டுச் சுவருக்கும் கூரைக்கும் நடுவே இடைவெளி உண்டா, தேங்கிய நீர் எத்தனை அடி தூரம், யாராவது வெளியில் படுக்கிறார்களா என்று முப்பது கேள்வி. பத்தொன்பதாவது கேள்வி, வலை எத்தனை முறை துவைக்கப்பட்டது.

"இது எதுக்கு சார்?" என்றேன்.

"இருபது தடவைக்கு மேல துவைச்சா மருந்து போயிடும்மா. கொதிக்கிற தண்ணி, பிளீச்சிங், வெயில் எதுவுமே ஆகாது. பையிலயே போட்டிருக்குமே."

அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். "காரணம்னு எங்கயும் எழுதாதீங்க. இதெல்லாம் நோய் வர்ற வாய்ப்பைக் கூட்டுற விஷயங்கள், அவ்வளவுதான்." அப்படி எழுதினால் யாருக்கும் வலிக்காது போலிருக்கிறது.

முதல் வீடாகப் பளிச்சுவின் வீட்டுக்கே போனேன். தள்ளிப்போட்டால் போகவே மாட்டேன் என்று எனக்குத் தெரியும். வீட்டில் அவளும் எட்டு மாதக் கைக்குழந்தையும் மட்டும் இருந்தார்கள். புருஷன் லாரி ஓட்டப் போயிருந்தான். குழந்தை வலைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. வலையில் பிளீச்சிங் வாடை.

கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். கொல்லைப்புறத்தில் ரோடு போட மண் எடுத்த பள்ளம் நாற்பது அடியில் இருந்தது, தண்ணீர் ததும்பிக்கொண்டு. எழுதினேன். கூரை இடைவெளி ஒரு சாண். எழுதினேன். பத்தொன்பதைக் கடைசிக்குத் தள்ளினேன்.

"வலையை எத்தனை தடவை துவைச்சிருப்பே?"

இருபது நாளில் முதல் தடவையாக அவள் முகம் கொஞ்சம் நிமிர்ந்தது. "உனக்குத் தெரியாதாக்கா? வாராவாரம் தவறினதே இல்ல. அவ நம்மள விட்டுப் போன அந்த வாரம்கூடத் துவைச்சேன். அவ படுத்திருந்ததாச்சே, அழுக்கா விட மனசு வரல. நான் ஒரு குறையும் வைக்கலக்கா."

தெரியாது என்று எழுதவும் ஒரு கட்டம் இருந்தது. அதில் ஒரு கோடு போட்டுவிட்டு, அதிகாரியிடம் கேட்டு வாங்கி வந்த புது வலையை என் பையிலிருந்து எடுத்தேன். "பழசு இத்துப்போச்சு. சின்னதுக்கு இதைக் கட்டு" என்று நீட்டினேன். ஒன்றும் சொல்லாமல் தப்பித்துவிடலாம் என்ற எண்ணம்தான். கோழைத்தனம், வேறென்ன?

அவள் வாங்கி மோந்து பார்த்தாள். "புதுசு ஒரே நெடியா இருக்குக்கா. அண்டாவுல போட்டு ரெண்டு கொதி விட்டுட்டுக் கட்டறேன்."

"துவைக்காதே!"

நான் போட்ட சத்தத்தில் குழந்தை விழித்து வீறிட்டது. பளிச்சு அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். இனி மறைக்க வழியில்லை.

"அந்த நெடிதான்டி மருந்து. துவைக்கத் துவைக்கப் போயிடும்."

"அப்போ இது?" என்று தொங்குகிற வலையைத் தொட்டாள்.

"வெறும் துணி. அதுல சாஞ்சு படுத்தா வெளியிலிருந்தே கடிக்கும்."

வாலு எப்போதும் வலையோடு ஒட்டிக்கொண்டு, காலை அதில் முட்டுக் கொடுத்துத்தான் தூங்குவாள். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பளிச்சு வலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"அதனாலதானா அக்கா?"

"தெரியலடி. பின்னாடி பள்ளம் இருக்கு, கூரை திறந்து கிடக்கு. இதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது."

"நீ என்ன நினைக்கிறே, அதைச் சொல்லு."

"துவைக்காம இருந்திருந்தா அவ பிழைச்சிருக்க வாய்ப்பு அதிகம்."

அவள் அழவில்லை. என்னை நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூட நின்று வாங்கிக்கொண்டிருப்பேன். குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே சுவரோரம் உட்கார்ந்தாள். தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிளீச்சிங் தின்று தோல் உரிந்த கைகள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ஊர்ல சொல்லிடாதேக்கா. பெத்தவளே கொன்னுட்டான்னு பேசுவாங்க. அவரு காதுல விழுந்தா என்னாலே நிமிர்ந்து பார்க்க முடியாது. உன் காலைப் புடிச்சுக் கேக்கறேன்."

எண்பத்திரண்டு வீட்டில் வலை துவைத்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லா வீட்டிலும் சின்னதுகள் இருக்கின்றன. சொல்லாமல் எப்படி இருப்பேன்? சொன்னால் முதல் கேள்வியே இவளைப் பற்றித்தான் வரும். சத்தியம் பண்ணு என்று கையை நீட்டினாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன், சத்தியம் பண்ணவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புது வலையை நானே நாலு மூலையிலும் கட்டினேன், பழையதை மடித்துப் பையில் வைத்தேன். படிவத்தில் முதலில் போட்ட கோட்டை அடித்துவிட்டு, ஐம்பதுக்கு மேல் என்று வாசலில் நின்று எழுதினேன்.

அடுத்தது தையல்காரி வீடு. எதைப் பார்த்தாலும் தோண்டித் துருவிக் கேட்கிறவள். கொடியில் வலை காய்ந்துகொண்டிருந்தது. இனிமேல் துவைக்காதே, மருந்து போய்விடும், புதுசு வாங்கித் தருகிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள் மெஷினை நிறுத்திவிட்டாள்.

"அப்போ பளிச்சு வீட்டுப் புள்ள... அவ வெளுத்து வெளுத்துத் துவைச்சாளே, அதுலதான் போச்சா?"

"இல்ல. துவைக்கிறதுதான் சரின்னு அவளைக் கூட்டத்துல புகழ்ந்ததே நான்தான். துவைக்கிற முறை போட்டிருந்த பையைக் கிழிச்சுக் கொளுத்தினதும் நான்தான். காய்ச்சல்னு தூக்கிட்டு வந்தப்போ ரத்தம் எடுக்காம ரெண்டு தடவை திருப்பி அனுப்பினேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல."

தையல்காரி பக்கத்தில் நின்ற சின்ன மகளைக் கையைப் பிடித்துத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

நான் பத்தொன்பதாவது கேள்விக்கு அவள் வீட்டுக் கணக்கை எழுதிக்கொண்டு எழுந்தேன். மீதி எண்பத்தோரு வீட்டிலும் இதையே சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.