ஒரு 'நீ'

"11 ஒக்ரோபர், வெள்ளி. பிழை: அம்மாவுக்கு முன்னால் லெனாட்டை 'நீ' என்று சொல்லிவிட்டேன்."

வீட்டுக்கு வந்த கையோடு உதயகலா இதைத் தன் கொப்பியில் எழுதினாள். நாளுக்கு ஒரு பிழையாவது எழுதாமல் அவள் படுப்பதில்லை. பெரும்பாலும் அது சிங்கள வகுப்பில் விட்ட எழுத்துப் பிழையாக இருக்கும். இது வேறு.

நல்லூரில் மாலை வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது, கோயிலுக்கு வந்திருந்த அம்மா வாசலில் காத்து நின்றதை அவள் கவனிக்கவில்லை. "நீ போ, நான் நாளைக்கு வாறன்," என்று லெனாட்டிடம் சொல்லிவிட்டாள். கூடப் படிக்கும் அவனோடு சில மாதங்களாகப் பழக்கம். வகுப்பு முடிந்தால் கொழும்புத்துறைக் கடற்கரை, ஒரு தேநீர், சில நாட்களில் ஆளில்லாத அவனுடைய மச்சான் வீடு. கலியாணப் பேச்சு வேண்டாம் என்று முதலில் சொன்னதே அவள்தான். "அப்பாடா!" என்றான் அவன்.

பண்டத்தரிப்பில் வீடு வரும்வரை அம்மா அவளுடைய ஸ்கூட்டரின் பின்னால் இருந்து வந்தாள். இப்போது குசினியிலிருந்து கூப்பிட்டாள். தேங்காய் திருவிக்கொண்டே தொடங்கினாள்.

"அண்ணையையே 'நீங்கள்' எண்டு கதைக்கிற பிள்ளை நீ. உவனை 'நீ' எண்டால் என்ன அர்த்தம்?"

"அவர் கூடப் படிக்கிறவர், அம்மா."

"ஓ, இப்ப 'அவர்' ஆகிட்டாரோ?"

உதயகலாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"கழுத்திலை சிலுவையும் கண்டனான். வேதக்காரப் பெடியன் எண்டாலும் பரவாயில்லை, உன்ரை அப்பாவோடை நான் கதைக்கிறன். தாய் தேப்பனோடை வந்து முறையாக் கேக்கட்டும். இல்லாட்டி வகுப்பும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

அம்மா இவ்வளவு இறங்கி வருவாள் என்று உதயகலா நினைத்திருக்கவில்லை. 'ஓம்' என்று ஒரு சொல் சொன்னால் வகுப்பு தப்பும். வகுப்பு இருந்தால்தான் மார்கழியில் சிங்களச் சோதனை எழுதலாம். சோதனை பாஸ் பண்ணினால்தான் அரசாங்கக் கந்தோர் வேலை நிரந்தரமாகும். தான்தான் பிழையோ என்றும் ஒரு கணம் தோன்றியது. ஆனால் 'ஓம்' என்றால் லெனாட்டின் தாய் பலகாரத் தட்டோடு வந்து நிற்பாள். அதற்குப் பிறகு எந்தச் சொல்லாலும் அவளைத் திருப்பி அனுப்ப முடியாது.

"அவரைக் கட்டுற எண்ணம் எனக்கில்லை, அம்மா. அவருக்கும் இல்லை."

திருவலையில் அம்மாவின் கை நின்றது. "அப்ப ஏன்டி?"

"பிடிச்சிருக்கு. அவ்வளவுதான்."

"ஊர் என்ன கதைக்கும்?"

"கதைக்கட்டும். வகுப்பை நான் விடமாட்டன். உங்களுக்குப் பொய்யும் சொல்லமாட்டன்."

அம்மா சிரட்டை சுரண்டப்படும்வரை திருவினாள். பிறகு, முகத்தைப் பார்க்காமலே, "மாவைக் குழை. புட்டு தானா அவியாது," என்றாள்.

சாப்பாடு முடிந்ததும் உதயகலா கொப்பியைத் திறந்தாள். 'நீ' என்றது பிழைதானா என்று யோசித்தாள். அந்த வரியை வெட்டிவிட்டு எழுதினாள்:

"பிழை: அம்மா நிற்பதைப் பார்க்காமல் விட்டது.

நாளை சனி. நாலு மணிக்கு வகுப்பு. அம்மாவிடம் சொல்லிக்கொண்டு போகவேண்டும்."