தளபதி திரும்பிய விதம்

"தோத்துட்டார்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன சம்பந்தி இவ்வளவு—"

"தோக்கலைங்க, லத்தீன்ல அப்படி—"

"பாதிப் படை செத்துப் போச்சு, கொடி போச்சு, குதிரை போச்சு—"

"போகட்டுங்க! அத்தனை போயும் எழுதினவர் 'தோற்றார்'னு எழுதலையே. எழுதாததை நான் எப்படி எழுத?"

"நீங்க எழுத வேண்டாம். நான் வாசிச்சுக்கறேன்."

"அதைத்தானே காலையிலேர்ந்து பண்றீங்க!"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினால் அவருக்குக் காது வலித்தது.

மைக் முன்னால் உட்கார்ந்திருந்தவர் பெண்ணின் அம்மா. வானொலியில் செய்தி வாசித்து ஓய்வு பெற்றவர். பக்கத்து நாற்காலியில் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தவர் பையனின் அம்மா. கல்லூரியில் லத்தீனும் ஜெர்மனும் கற்பித்தவர். பழைய போர் வரலாறு ஒன்றை லத்தீனிலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். கல்யாணமான புதிதில் பிள்ளைகள் இவர்களுக்கு ரேடியோ அம்மா, லத்தீன் அம்மா என்று பெயர் வைத்தார்கள். பெயர் நிலைத்துவிட்டது. வைத்தவர்கள்தான் நிலைக்கவில்லை. ரேடியோ அம்மாவின் மகள் இரண்டு பெட்டியும் தையல் மெஷினுமாகத் தாய்வீட்டுக்கு வந்து நாலு மாதமாகிறது. மாப்பிள்ளை வந்து கூப்பிடுவானா, மாட்டானா என்பதைத் தவிர ரேடியோ அம்மாவுக்கு வேறு நினைப்பில்லை. அதை மட்டும் சம்பந்திகள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. "கொஞ்ச நாள் அம்மாகூட இருக்கட்டுமே" என்று முதல் வாரம் லத்தீன் அம்மா போனில் சொன்னதோடு சரி.

இந்த ஒலிப்புத்தகத்துக்கு இருவரும் ஒப்புக்கொண்டது நல்ல காலத்தில். இப்போது யாராவது ஒருவர் வர மாட்டேன் என்றால், பிள்ளைகள் விஷயம் முறிந்துவிட்டதென்று தமுக்கடித்த மாதிரி ஆகிவிடும். அதனால் இருவரும் தவறாமல் வந்தார்கள், நலம் விசாரித்தார்கள், சிரித்தார்கள். ஏழாம் அத்தியாயத்தில்தான் சிரிப்பு நின்றது. அதில்தான் தளபதி ஆற்றைக் கடந்து போய், செமத்தியாக வாங்கிக்கொண்டு வருகிறார்.

"சரி, எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. லத்தீன்ல என்னதான் இருக்கு?"

"'தன்னைத் திரும்ப எடுத்துக்கொண்டார்'னு இருக்கு. கடையில மறந்து வெச்ச பையை எடுத்துக்கிட்டு வர்ற மாதிரி, தன்னையே எடுத்துக்கிட்டு வந்துட்டாராம்."

"அடேங்கப்பா. இங்கிலீஷ்ல?"

"'ரிட்டயர்டு.'"

"பென்ஷன் உண்டா?"

ஸ்பீக்கரில் ஒலிப்பதிவாளர் சிரித்துவிட்டு, சிரிக்காத மாதிரி இருமினார்.

"ஜெர்மன்ல?"

"அதுல மொழிபெயர்த்த பேராசிரியருக்குப் பொறுக்கலை. 'அடித்து விரட்டப்பட்டார்'னு போட்டுட்டார். கீழே அடிக்குறிப்பு வேற, அரைப்பக்கத்துக்கு."

"அவர்தாங்க மனுஷன்!"

"அவர் பண்ணது தப்புங்க! இந்த வரலாற்றை எழுதினது யாரு? தளபதியோட மச்சான். அத்தான் தோத்துட்டார்னு எழுதிட்டு அக்கா முகத்தில எப்படி முழிப்பான்? மறைக்கறான். அவன் மறைக்கறான்னு கேக்கறவங்க தானா கண்டுபிடிக்கணும். நாம போட்டுக் குடுக்கக் கூடாது. அதுக்குத்தான் 'திரும்பினார்'னு வெச்சேன். மூணு வாரம் மண்டையை உடைச்சுக்கிட்டு வெச்ச சொல்."

"மூணு வாரத்துக்கு ஒரு 'திரும்பினார்'."

"ஆமாங்க!"

"காய்கறி வாங்கிட்டுக்கூடத்தான் திரும்பறாங்க."

லத்தீன் அம்மா பென்சிலை மேசையில் போட்டார். இரைச்சல் பதிவாகிவிடும் என்று ஏசியை நிறுத்தியிருந்தார்கள். பஞ்சு ஒட்டிய சுவர்களுக்குள் காற்று அசையவில்லை. புரட்டுகிற ஓசை கேட்கக் கூடாதென்று தாள்களைத் தனித்தனியாகப் பரப்பி வைத்திருந்தார் ரேடியோ அம்மா. அவற்றில் ஒன்றைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார்.

"பொழுது சாயும் நேரத்தில் தளபதி, எஞ்சிய வீரர்களுடன் அங்கிருந்து... தோற்றுத் திரும்பினார்."

"சம்பந்தி!"

"உங்க 'திரும்பினார்' அப்படியே இருக்கு பாருங்க."

"முன்னாடி ஒண்ணு வந்து சம்மணம் போட்டு உக்காந்திருக்கே!"

"வாய் தானா சொல்லுதுங்க, நான் என்ன பண்ண? சர்வீஸ் பூரா எழுதிக் குடுத்ததை எழுதிக் குடுத்தபடி வாசிச்சேன். இது மட்டும் முடியலை. பூசி மெழுகறதைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு எனக்கு."

கடைசி வாக்கியம் தளபதியைப் பற்றியதல்ல என்பது லத்தீன் அம்மாவுக்குப் புரிந்தது. புரியாத மாதிரி அவசரமாக வினைச்சொல்லுக்கே போனார்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சொல் கிடைத்தாலும், கடையில் புடவையைத் தோளில் போட்டுப் பார்ப்பது போல, வீட்டு ஆள் ஒருவர் மேல் போட்டுப் பார்த்துவிடுவார். மாமனார் வெளியேறினார், கொழுந்தன் விலகினான், நாத்தனார் நழுவினாள் என்று வகுப்பில் குடும்பத்தையே கரும்பலகையில் ஏற்றியவர். கோபம் வந்தால் உதாரணம் இன்னும் வேகமாக வரும்.

"இங்க பாருங்க. ஒருத்தன் இருந்த இடத்தை விட்டுப் போறான், அவ்வளவுதான் விஷயம். தோத்தான்னு தீர்ப்பு சொல்ல நீங்க யாரு? இப்ப என் பையன் வீட்டைக் காலி பண்ணிட்டு அடுத்த மாசம் வேற ஊருக்குப் போறான். 'தோத்துப் போறான்'னா சொல்லுவீங்க? டிரான்ஸ்ஃபர் வாங்கிக்கிட்டுக் கிளம்பறான்னுதானே..."

வாய் மூடிக்கொண்டது. கொஞ்சம் தாமதமாக.

"எந்த ஊருக்கு?" என்றார் ரேடியோ அம்மா.

"ஒரு உதாரணத்துக்குச் சொன்னேங்க."

"உதாரணத்துக்கு எந்த ஊருக்கு?"

"தூரம்தான். ராத்திரி ரயில் ஏறினா மறுநாள் சாயங்காலம் ஆகும்."

"எப்ப முடிவாச்சு?"

"முடிவுன்னு இல்லை. பேசிக்கிட்டிருந்தான்."

"வீட்டு ஓனர்கிட்ட சொல்லிட்டானா?"

"சொல்லிட்டான்."

"அப்ப முடிவுதானே. என் பொண்ணுக்குத் தெரியுமா?"

"அவனே சொல்றேன்னான். நேரம் பார்த்து."

"அவ சாமானெல்லாம்?"

"எங்க வீட்டு மாடி ரூம்ல பத்திரமா இருக்கு. ஒண்ணும் ஆகாது."

"ஓகோ. கொண்டுவந்தே வெச்சாச்சா! எப்ப?"

"போன ஞாயிற்றுக்கிழமை."

"திங்கக்கிழமை இங்கதானே உக்காந்திருந்தோம். ஆறாம் அத்தியாயம். என் பிளாஸ்க்கிலேர்ந்து வெந்நீர் வாங்கிக் குடிச்சீங்க."

லத்தீன் அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் சொல்லாம இல்லைங்க. யோசிச்சு முடிவெடுடான்னு அவன்கிட்ட எவ்வளவோ சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னான்?"

"யோசிச்சுட்டேன்னான்."

ஸ்பீக்கர் கரகரத்தது. "அம்மா... ரெக்கார்டிங் ஓடிட்டே இருக்கு. நிறுத்தட்டுமா?"

"வேண்டாம். வாசிச்சுடறேன்."

ரேடியோ அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, நிமிர்ந்து, தொண்டையைச் செருமினார்.

"பொழுது சாயும் நேரத்தில் தளபதி, எஞ்சிய வீரர்களுடன் அங்கிருந்து திரும்பினார். ஆற்றைக் கடக்கையில் ஒருவரும் பேசவில்லை. மறுநாள் முகாமில் எல்லாம் வழக்கம் போல் நடந்தன."

மழைக்கு வாய்ப்பில்லை என்று சொல்கிற குரல். ஏற்றமில்லை, இறக்கமில்லை, ஓர் எழுத்துகூட மாறவில்லை. மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டபோது லத்தீன் அம்மாவின் காதில் கேட்டுக்கொண்டிருந்தது இந்தக் குரல்தான்.

"ஓகேம்மா, ரொம்ப நல்லா வந்திருக்கு," என்றார் ஒலிப்பதிவாளர். "இப்படித்தானேம்மா கேட்டீங்க?"

"இன்னொரு தடவை எடுத்துடலாம்," என்றார் லத்தீன் அம்மா.

"எதுக்கு? ஏதாவது தப்பா வாசிச்சேனா?"

"இல்லைங்க. உங்க இஷ்டப்படியே அந்த 'தோற்று'வைச் சேர்த்து..."

"அதெதுக்கு இப்ப? எழுதினவர் எழுதலையே."

"கோபத்துல பேசாதீங்க சம்பந்தி."

"கோபமெல்லாம் இல்லை. நீங்க சொன்னது சரிதான். மறைக்கறது நல்லாவே தெரியுது."

ஒலிப்பதிவாளர் இனி நடக்காது என்று முடிவு செய்து ஏசியைப் போட்டார். மேசைமேல் தாள்கள் படபடத்தன. லத்தீன் அம்மா இரு கையாலும் அவற்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, எதையோ தேடுகிறவர் போல வரி வரியாகப் பார்த்தார். ரேடியோ அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு கதவு வரை போனார், கைப்பிடியைத் திருகினார், ஆனால் கதவைத் திறக்காமல் திரும்பிப் பார்த்தார்.

"தினமும் நான் செருப்பைக் கழட்டறதுக்குள்ள என் பொண்ணு கேப்பா, 'அத்தை ஏதாவது சொன்னாங்களா'ன்னு. 'புத்தகத்தைப் பத்தித்தான் பேசினோம்'னு சொல்லிட்டு உள்ளே போயிடுவேன். இன்னிக்குக் கேட்டா நான் என்ன சொல்லட்டும் சம்பந்தி?"